அன்னம்மாள் திருவிழாவும் ஒரு மன்றாட்டுமாலையும்



மலேசியத் தமிழர்களின் திருவிழா என்றவுடன் பத்துமலையும் தண்ணீர்மலையும் நினைவுக்கு வரும். தைப்பூசத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லாத தமிழாசிரியர் நம்மில் எவரும் இலர். ஆனால், ஒவ்வோர் ஆண்டும் சூலைத் திங்களில் புக்கிட் மெர்தாஜாம் நகரில் நடைபெறும் புனித அன்னம்மாள் திருவிழா நம் மாணவர்களின் கட்டுரை ஏடுகளில் இடம்பெறுவதே இல்லை. நம் வகுப்புகளில் கிறித்துவக் குழந்தைகளும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களும் தைப்பூசக் கட்டுரையை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு போகிறார்கள். கடந்த சூலையில் அத்திருவிழாவுக்கு நேரில் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அதனை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

நான் கிறித்துவர் அல்லேன். எங்கள் வீட்டுப் பூசையறையில் முருகன்தான் நடுவில் இருக்கிறார். என்னை அழைத்துச் சென்றவர்கள் என் மாணவர்களின் குடும்பத்தினர்.

கம்போங் ராஜாவை அறியாதவர்களுக்குச் சில வரிகள். கேமரன் மலையின் வட கோடியில், சிம்பாங் புலாய் வழியாக ஏறி வருவோர் முதலில் காணும் ஊர் இது. அருகிலேயே புளூவேலி தேயிலைத் தோட்டம். ஒரு காலத்தில் தேயிலைக்கூடையும் தலைத்துண்டுமாய்ச் சரிவெங்கும் தமிழர்கள்தாம். இன்று கொழுந்து வெட்டும் கைகளில் பல, வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவை. தோட்டத்தில் எஞ்சியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலர் காய்கறித் தோட்டங்களிலும் பூந்தோட்டங்களிலும் வேலை செய்கின்றனர். பிள்ளைகள் ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போய்விட்டால் திரும்பி வருவது அரிது. ஆகவே, ஒவ்வோர் ஆண்டும் முதலாம் ஆண்டு மாணவர் பதிவு முடியும்வரை எங்களைப் போன்ற சிறு பள்ளி ஆசிரியர்களுக்கு நெஞ்சு படபடக்கும். ஒரு பிள்ளை குறைந்தாலும் அது எங்களுக்குத் தெரியும். பெயர் சொல்லித் தெரியும்.

அப்படி ஒரு பிள்ளையைத்தான் நாங்கள் இழக்கவிருந்தோம். மூன்றாம் ஆண்டு மாணவன். கணிதத்தில் கெட்டிக்காரன், பந்து விளையாட்டில் சூரன். தமிழ் வாசிப்பு மட்டும் வரவில்லை. ‘கெ’ என்பதையும் ‘கே’ என்பதையும் மாற்றி மாற்றிப் படிப்பான். கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. அந்த முடிச்சு அவனுக்கு அவிழவில்லை. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் உதடு அசையும், ஓசை வராது. அவன் தாயார் சூன் மாதம் பள்ளிக்கு வந்தார்.

“டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இவனுக்குத் தமிழே ஏறல. தேசியப் பள்ளிக்கு மாத்திடலாம்னு அவங்க அப்பா சொல்றாரு. பாரம் ஒன்னு குடுங்க.”

நான் மறுக்கவில்லை. மாற்றுவது பெற்றோரின் உரிமை. ஆண்டு முடியட்டுமே என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவர் பதில் சொல்லாமல் படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி, “அடுத்த மாசம் அன்னம்மா கோயிலுக்குப் பஸ் எடுக்கிறோம் டீச்சர். இடம் இருக்கு. நீங்களும் வாங்களேன்” என்றார். பள்ளியைவிட்டு விலகப்போகும் தாய் ஆசிரியையைத் திருவிழாவுக்கு அழைக்கிறாரே என்று எனக்கு வியப்பாக இருந்தது. நம் தோட்டப்புறத்து மக்கள் அப்படித்தான்!

திருவிழா வாரத்துச் சனிக்கிழமை, விடியற்காலை மூன்று மணிக்குப் பேருந்து புறப்பட்டது. ஏறக்குறைய நாற்பது பேர். அவர்களில் கால்வாசிப்பேர் என்னைப்போல் திருநீறு பூசுகிறவர்கள். ஒருவர் அன்னம்மாளுக்கு நேர்ந்துகொண்டு பிள்ளைப்பேறு பெற்றவராம். ஒன்பது ஆண்டுகளாக ஓராண்டும் தவறவிட்டதில்லையாம். புளிச்சோறும் முட்டையும் சம்பாலும் வாளி வாளியாக ஏற்றப்பட்டன. இருக்கைக்கு அடியில் மெழுகுவத்திக் கட்டுகள்.

மலைப்பாதை வளைவுகளில் இறங்கும்போது செபம் தொடங்கிற்று. முதலில் செபமாலை, பிறகு மன்றாட்டுமாலை. மன்றாட்டுமாலை என்பது எப்படி என்றால், ஒருவர் ஒரு சிறு வரியை வாசிப்பார். அனைவரும் சேர்ந்து ஒரே மறுமொழியைச் சொல்வார்கள். மீண்டும் ஒரு வரி, மீண்டும் அதே மறுமொழி. இப்படி ஐம்பது அறுபது வரி போகும். வழக்கமாக வாசிக்கும் முதியவருக்குக் கண்புரை அறுவை நடந்திருந்ததால் அவ்வாண்டு வரவில்லை. அவருடைய பழைய செபப்புத்தகம் மட்டும், அட்டை கிழிந்து, நூலால் கட்டப்பட்டு வந்திருந்தது.

“யாரு படிக்கிறது?” என்று ஒரு குரல் கேட்டது. பேருந்தில் அமைதி. நாற்பது பேரில் தமிழ் எழுத்தைத் தடையின்றி வாசிக்கக்கூடியவர்கள் ஐந்தாறு பேர் இருந்திருக்கலாம். அவர்களில் பாதிப்பேர் என்னைப்போல் செபம் அறியாதவர்கள். இளம் தாய்மார் இருவர் கைப்பேசியில் அதே மன்றாட்டுமாலையை உரோமன் எழுத்தில் வைத்திருந்தனர். யாரோ தட்டச்சு செய்து வாட்சாப்பில் அனுப்பியது. அவர்களில் ஒருவர் வாசிக்கத் தொடங்கினார். மூன்றாம் வரியிலேயே நின்றுவிட்டார். ந, ண, ன மூன்றும் ஒரே எழுத்தாகவும், ல, ள, ழ மூன்றும் ஏறத்தாழ ஒரே எழுத்தாகவும் கிடந்தால் எவர்தாம் வாசிப்பார்?

இந்த இடத்தில் சற்று விலகிச் சென்று ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் அச்சு வரலாறு படித்த நாளிலிருந்து எனக்குப் பிடித்த செய்தி இது. தமிழ்மொழி முதன்முதலில் அச்சேறியது ஒரு செபப்புத்தகத்தில்தான். அதுவும் உரோமன் எழுத்தில்! 1554இல் போர்த்துகல் நாட்டின் லிஸ்பனில் அச்சிடப்பட்ட ‘கார்த்தில்யா’ என்னும் சிறு நூல் அது. முத்துக்குளித்துறையிலிருந்து அங்குச் சென்ற வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா த குரூஸ் என்னும் தமிழர் மூவர் அதற்குத் துணை நின்றனர். தமிழ் எழுத்துக்கு அச்சு வார்ப்பு அப்போது இல்லை, வேறு வழியுமில்லை. ஆனால், கரையோரத்து மீனவ மக்களுக்கு அது போதவில்லை. 24 ஆண்டுகள் கழித்து, 1578இல், கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்க நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டார். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. எழுத்து வார்க்கப் பட்ட பாடு கொஞ்சமா? நாமோ நானூற்றைம்பது ஆண்டு கழித்து, கையில் எல்லா எழுத்துருவையும் வைத்துக்கொண்டு, 1554க்குத் திரும்பிக்கொண்டிருக்கிறோம். (கோபத்தில் எழுதுகிறேன் என்று எண்ண வேண்டா. கோபம் கொஞ்சம் உண்டுதான்.)

சரி, பேருந்துக்கு வருவோம்.

அந்த மாணவனின் பாட்டி முன்வரிசையில் இருந்தார். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. மன்றாட்டுமாலை முழுவதும் மனப்பாடம். அவர் பேரனின் கையில் புத்தகத்தைக் கொடுத்து, “நீ படிடா, நான் கூட இருக்கேன்” என்றார். நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு அவன் முதல் வரியைப் படித்தான். படித்தான் என்பதைவிட எழுத்தெழுத்தாக நகர்ந்தான் என்பதே சரி. ஆனால் வரி முடிந்ததும் நாற்பது குரல்கள் மறுமொழி சொல்லின. அந்த நான்கைந்து நொடிகளில் அவன் கண்கள் அடுத்த வரியில் இருந்தன. மறுமொழி முடிவதற்குள் அவன் தயார். இப்படியே பத்தாம் வரிக்கு வந்தபோது ஓசை சற்றுப் பெரிதாயிற்று. ஓரிடத்தில் தடுமாறினான், பாட்டி முதல் எழுத்தை மட்டும் மெல்லச் சொன்னார், மற்றதை அவனே பிடித்துக்கொண்டான். தவறாகப் படித்த இரண்டு சொற்களை ஒருவரும் திருத்தவில்லை. மறுமொழி வழக்கம்போல் வந்தது.

ஆசிரியர்களே, நம் வகுப்பறை வாசிப்பில் இல்லாத ஒன்று அங்கே இருந்தது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே மூச்சுவிட இடம். மேலும், அவன் வாசிக்காவிட்டால் செபமே நடக்காது. வாசித்தால் நாற்பது பேர் அவனுக்குப் பின்னால் வருகிறார்கள். மதிப்பெண் இல்லை, பாராட்டும் இல்லை. முடிந்ததும் பாட்டி புத்தகத்தை வாங்கி மீண்டும் நூலால் கட்டினார். தாயார் சன்னல்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

புக்கிட் மெர்தாஜாமை அடைந்தபோது நன்றாக விடிந்திருந்தது. அவ்வளவு பெரிய கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. திருவிழா ஏறக்குறைய பத்து நாள் நடைபெறுகிறது. அன்னம்மாளின் திருநாள் சூலை 26. இந்நாட்களில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து போகின்றனர் என்று செய்தித்தாள்கள் எழுதுவதுண்டு. சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தோனேசியா என எங்கெங்கோ இருந்து வந்தவர்களைக் கண்டேன். மெழுகுவத்தி, பூமாலை, படங்கள், வடை, இடியப்பம், சீனர்களின் பாவ், ஐஸ் காச்சாங்... சாலை நெடுகக் கடைகள். தைப்பூசத்துக்குப் போன கால்களுக்கு இந்த நெரிசல் புதிதன்று!

இத்திருத்தலம் 1846இல், இங்கே பயிர்த்தொழில் செய்த சீனக் கத்தோலிக்கர்களுக்காகத் தோன்றியது. பழைய ஆலயம் 1888இல் எழுந்தது. மினாங்கபாவ் பாணிக் கூரையுடன் நிற்கும் பெரிய ஆலயம் 2002இல் திறக்கப்பட்டது. 2019இல் இதற்குச் சிறு பசிலிக்கா என்னும் தகுதி வழங்கப்பட்டது. 2020இல் கொரோனாத் தொற்றின்போது மக்கள் இங்குக் கூட முடியவில்லை. வீட்டில் கைப்பேசித் திரைக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றியதாகப் பாட்டி சொன்னார். “போனுக்கு முன்னாடி முழங்கால் போட்டேன் டீச்சர், சிரிப்பா வந்துச்சு” என்றார்.

தமிழ்த் திருப்பலியில் நான் பின்வரிசையில் நின்றேன். மத்தளமும் கீபோர்டும் சேர்ந்து ஒலிக்க, மக்கள் கைதட்டிப் பாடினர். அவ்வளவு பேர் ஒரே குரலில் தமிழில் பாடி நான் கேட்டதில்லை. பள்ளிச் சபைகூடலில் நம் மாணவர்கள் முணுமுணுப்பதை நினைத்துக்கொண்டேன். அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் இது நடந்திருக்காது. அந்நாளில் பூசை இலத்தீனில்தான் நடந்தது. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்திற்குப் பிறகே வழிபாடு அந்தந்த மக்களின் மொழிக்கு வந்தது. ‘பூசை’ என்ற சொல்லே ‘திருப்பலி’ ஆயிற்று. பாட்டி இன்னும் ‘பூச’ என்றுதான் சொல்கிறார். பேரன் ‘திருப்பலி’ என்கிறான். இருவரும் ஒருவரையொருவர் திருத்துவதில்லை.

திருப்பலி முடிந்ததும் முன்பின் அறியாதவர்களெல்லாம் கைகுவித்தும் கைகொடுத்தும் வாழ்த்துச் சொன்னார்கள். எனக்கு அருகில் நின்ற சீன மூதாட்டி ஒருவர் என் கையைப் பிடித்து மலாயில் நலம் விசாரித்தார். தமிழ்த் திருப்பலியில் அவருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றியது. அவரே சொன்னார்: தமிழ்ப்பாட்டு அவருக்குப் பிடிக்குமாம். நண்பகலில் மரத்தடியில் எங்கள் புளிச்சோற்று வாளி திறக்கப்பட்டது. பினாங்கிலிருந்து வந்த குடும்பம் ஒன்று கோழி வறுவல் கொண்டுவந்து கலந்துகொண்டது. சித்தியவானிலிருந்து வந்தவர்கள் மோர் கொடுத்தார்கள். யார் எந்தச் சமயம், யார் எந்த ஊர் என்பதை ஒருவரும் கேட்கவில்லை. ‘இன்னும் கொஞ்சம் போடவா’ என்பது மட்டுமே கேட்டது. எங்கள் பேருந்து ஓட்டுநர், அவர் மலாய்க்காரர், தூங்கி எழுந்து வந்தபோது இளைஞர் ஒருவர் ஹலால் கடையைத் தேடிப்போய் அவருக்குத் தனியே நாசி பொட்டலம் வாங்கி வைத்திருந்தார். இதை எவரும் ஏவவில்லை.

பிற்பகலில் சிறுவர்களை அழைத்துக்கொண்டு குன்றுப்பக்கம் சென்றேன். ஊற்றுநீரில் முகம் கழுவிப் புட்டிகளில் நிரப்பிக்கொண்டிருந்தனர் மக்கள். கோயில் வளாகத்திற்குள்ளேயே ஒரு பெரும்பாறை இருக்கிறது. செரோக் தொக்குன் கல்வெட்டு என்பர். 1845இல் ஜேம்ஸ் லோ என்னும் பிரித்தானிய அதிகாரி அதனை வெளியுலகுக்கு அறிவித்தார். பாறையில் தென்னிந்தியப் பல்லவ எழுத்தைச் சார்ந்த பழைய எழுத்துகள். ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழமை சொல்வார்கள். தமிழ்க் கல்வெட்டு என்று நம்மவர் சிலர் பெருமை பேசுவதுண்டு, அது சமற்கிருதமே. சொந்தம் கொண்டாடப் பொய் தேவையில்லை. கடல்கடந்து வந்த எழுத்து இங்கே இவ்வளவு காலம் நிற்கிறதே, அது போதாதா?

அந்த மாணவன் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“டீச்சர், இதுல என்னா எழுதியிருக்கு?”

“ரொம்பத் தேஞ்சு போச்சுப்பா. முழுசா வாசிக்க முடியல.”

“அப்ப எழுதுனவங்க பாவம் டீச்சர்.”

திரும்பும் வழியில் அவனுக்கு வீரமாமுனிவர் கதையைச் சொன்னேன். இத்தாலியில் 1680இல் பிறந்து தமிழகத்துக்கு வந்த கிறித்துவத் துறவி, தேம்பாவணி பாடியவர். அவர் காலத்துக்குமுன் ‘கெ’, ‘கே’ இரண்டுக்கும் ஒரே கொம்புதான். குறிலுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆகவே பலர் புள்ளியை விட்டுவிடுவார்கள். படிப்பவர் தாமாக ஊகித்துக்கொள்ள வேண்டும். நெடிலுக்கு மேற்சுழியுள்ள இரட்டைக் கொம்பை வீரமாமுனிவர் அமைத்தார் என்று நம் மொழி வரலாறு சொல்கிறது. “அப்ப அதுக்கு முன்னாடி எல்லாரும் என்னை மாதிரிதான் மாத்திப் படிச்சாங்களா?” என்று கேட்டான். ஆம் என்றேன். அவனுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல இயலாது. பேருந்து நண்பர்கள் எல்லாரிடமும் போய் அதைச் சொல்லிவிட்டான்.

மாலை மெழுகுவத்திப் பவனி. இருட்டியதும் அன்னம்மாள் திருவுருவம் பூக்களால் அலங்கரிக்கப்பட்டுப் புறப்பட்டது. முன்னும் பின்னும் ஆயிரமாயிரம் சுடர்கள். தமிழில் ஒரு பாடல், மாண்டரினில் ஒன்று, ஆங்கிலத்தில், மலாயில் என்று மாறி மாறி ஒலித்தன. மெட்டுத் தெரிந்தவர்கள் மொழி தெரியாமலே சேர்ந்துகொண்டார்கள். காற்றில் அணையும் சுடரைப் பக்கத்துச் சுடரிலிருந்து ஏற்றிக்கொண்டே நடந்தோம். என் மெழுகுவத்தி ஏழெட்டு முறை அணைந்திருக்கும். ஏற்றித் தந்தவர்களில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது.

பவனியில் மாணவனின் தாயார் என் பக்கத்தில் நடந்தார். கையில் வைத்திருந்த படத்தைக் காட்டினார். அன்னம்மாள் தம் சிறுமகள் மரியாவுக்கு ஏட்டைக் காட்டி வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் காட்சி. விவிலியத்தில் அன்னம்மாளின் பெயர்கூட இல்லை. பிற்காலத்து நூல் ஒன்றிலிருந்தே அவர் வரலாறு அறியப்படுகிறது. இருந்தும், ஐரோப்பிய ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாக அவரை மகளுக்கு வாசிக்கச் சொல்லித்தரும் தாயாகவே வரைந்து வந்துள்ளனர்.

“நான் ஆறாம் வகுப்போட நின்னுட்டேன் டீச்சர். தோட்டத்துல வேல. எனக்கும் படிக்க வராது, அதான் இவனுக்குச் சொல்லிக் குடுக்க முடியல. கேட்டா வெட்கம்” என்றார்.

பாடல் ஓங்கி ஒலித்ததால் அதற்குமேல் பேச முடியவில்லை. நாங்களும் பாடினோம். எனக்குச் சொற்கள் தெரியா, வாயசைத்தேன்.

நள்ளிரவுக்குப் பிறகு மலையேறினோம். பேருந்தில் எல்லாரும் உறங்கிவிட்டனர். மாற்றப் படிவத்தைப் பற்றித் தாயார் அடுத்த வாரம் பள்ளிக்கு வந்து பேசினார். படிவம் இன்னும் அவரிடமே இருக்கிறது. கணவருடன் ஆண்டிறுதியில் பேசி முடிவு சொல்வதாகக் கூறியிருக்கிறார். மாணவன் வகுப்பில் இன்னும் தடுமாறுகிறான். ஆனால் உதடு அசைந்தால் இப்போது ஓசை வருகிறது. வாசிப்பு நேரத்தில் ஒருவர் ஒரு வரி, வகுப்பு முழுதும் ஒரு மறுவரி என்று பாடப்பகுதியை மாற்றி வைத்திருக்கிறேன். மூன்றாம் ஆண்டுக்கு அது பிடித்திருக்கிறது. நான்காம் ஆண்டினர் ‘சின்னப்பிள்ளை விளையாட்டு’ என்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர்கள் வீட்டில் செபம் நடக்கிறது. மன்றாட்டுமாலையை அவன்தான் வாசிக்கிறானாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் தங்களுக்கு முறை வேண்டும் என்று சண்டையிடுகிறார்களாம். நூலால் கட்டிய அந்த ஒரே புத்தகம் தாங்காது என்று பாட்டி அதை என்னிடம் கொடுத்தனுப்பினார். பெரிய எழுத்தில், கொம்புகளெல்லாம் தெளிவாகத் தெரியும்படி தட்டச்சு செய்து முடித்துவிட்டேன். பதினெட்டுப் படிகள் வேண்டுமாம். அவற்றில் ஒன்று தாயாருக்கு. வீட்டு அச்சுப்பொறியில் மை தீர்ந்துவிட்டதால் பிரிஞ்சாங்கில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.